எனக்கு வரவேண்டிய முருகன் பாட்டு

எனக்கு வரவேண்டிய முருகன் பாட்டை என் சித்தி மகள் தட்டிக்கொண்டு போனாள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு லேசாக எரிகிறது.

தாம்பரத்தில் நாங்கள் படித்த அரசுப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஒவ்வொரு சாமிக்கும் ஒரு பாட்டு உண்டு. முந்தைய வருடம் யார் சாமி பாட்டு முதலில் என்று பெற்றோருக்குள் சண்டை வந்ததால், பாட்டு டீச்சர் புதுச் சட்டம் போட்டார்.

"அவங்கவங்க சாமி பாட்டு அவங்கவங்க வீட்லயே வந்துடும். இங்க அடுத்த வீட்டுப் பாட்டைக் கத்துக்குங்க."

ஆடிக் கிருத்திகை தவறாமல் எங்கள் தெருக் கோயில் மைக்கைப் பிடிக்கும் எனக்கு இயேசு பாட்டு. பம்மலில் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற அவளுக்கு முருகன் பாட்டு. சித்தி ஒரு கிறிஸ்தவரைக் காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டதிலிருந்து அம்மா சித்தியோடு பேசுவதில்லை. பேச்சு இல்லாதது பெரியவர்களுக்குத்தான். எங்களுக்கு ஒரே பெஞ்சு.

சரி, திணறட்டும் என்று காத்திருந்தேன். அவளோ முதல் நாளே எங்கும் தடுமாறாமல் கடைசி வரை பாடிவிட்டாள். டீச்சர் அவள் தலையைத் தடவினார். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் முறையிட்டேன்.

"அவ ஏமாத்துறாம்மா. அவளுக்கு முன்னாடியே தெரியும். சித்தி சமைக்கும்போது பாடிக்கினே இருக்குமாம்."

அம்மா தோசையைத் திருப்ப மறந்துவிட்டாள்.

"இன்னுமா பாடுது?" என்றாள். கொஞ்சம் கழித்து, "முழுசாவா?"

"அவளையே கேளு," என்றேன் கடுப்பாக.

கேட்டேவிட்டாள். மறுநாள் பள்ளி வாசலுக்கு வந்து அவளைப் பாடச் சொன்னாள். அதற்கப்புறம் தினமும் வந்தாள். என் இயேசு பாட்டை ஒருநாளும் கேட்கவில்லை. பெற்ற தாய்க்கே என் குரல் கசந்துவிட்டது என்று முடிவு கட்டி, அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். அதையும் அவள் கவனிக்கவில்லை.

விழாவில் நான் நன்றாகவே பாடினேன். சித்தப்பாவே எழுந்து நின்று கைதட்டினார். பிறகு அவள் பாடினாள். முதல் வரிசையில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடையிலிருந்து நாங்கள் இறங்கியதும் என்னைத் தாண்டிப் போய் அவளை அணைத்துக்கொண்டாள்.

"அப்படியே உங்கம்மா குரல்டி. சின்ன வயசுல கோயில்ல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாடுவோம்," என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள்.

கை அவள் கன்னத்தை வழித்தது. கண் மட்டும் அவளுக்குப் பின்னால் நின்ற சித்தியின் மேலேயே இருந்தது. நான் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது என்னுடையது இல்லையே என்று.