மகளின் பெயரில் வந்த மரண அறிவித்தல்

பின்னேரம் மூன்று இருபதுக்கு மகளின் போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். உயிரோடிருக்கும் என் பிள்ளைக்கு மரண அறிவித்தல். அவளுடைய முகம், பெயர், மாலை, "துயர் பகிர்வோம்" என்று கீழே. அனுப்பியிருந்தவன் அவளுடைய வகுப்பில் படிக்கும் கஜன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். வரும்வரை காத்திருந்து கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

இணையத் தொல்லையைத் தடுக்கவென்று பாடசாலையில் தொடங்கிய பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருந்தேன். அதில் கஜனின் படத்தைப் போட்டு, "என்ர பிள்ளையைச் சாகச் சொன்னவன் இவன்தான்" என்று எழுதி, அவன் டியூஷனுக்குப் போகும் இடத்தையும் போட்டேன்.

ஓர்ஸ் ஹில் பகுதியில் அவன் படிக்கும் டியூஷன் வாசலுக்கு நான் போய்ச் சேர முன்பே, குழுவிலிருந்த இரண்டு தகப்பன்மார் அவனைச் சைக்கிளோடு விழுத்தியிருந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டால் அடித்தார். அவனுடைய வெள்ளைச் சட்டையில் இரத்தம் ஒழுகியது.

"அங்கிள், நான் சொல்லுறதைக்..."

"வாயைத் திறந்தியோ, கொன்றுபோடுவன்" என்று கத்தினேன்.

விழுந்து கிடந்தவனை வயிற்றில் உதைத்தேன். உதைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றே மூவரும் நம்பினோம்.

தாயின் போனில் குழுவைப் பார்த்த மகள், ஈரத் தலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். என்னைத் தள்ளிவிட்டு அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"அப்பா, அந்தப் படத்தைச் செய்தது வேற ஆக்கள். எனக்குத் தெரியோணுமெண்டு அனுப்பினவன் இவன். பிரின்சிபலிட்ட தானும் வந்து சொல்லுறன் எண்டு படத்துக்குக் கீழ எழுதியிருந்தவன். நீங்கள் வாசிக்கேல்லையோ?"