கடைசி நாலு அடி

போன வாரம் என்னால் ஒரு பஸ்ஸே கொல்லிமலையிலிருந்து உருண்டிருக்கும். மிகையில்லை. கேளுங்கள்.

உலக சாம்பியனையே தோற்கடித்த செஸ் கம்ப்யூட்டரைப் பற்றி இந்தப் பத்தியில் வீறாப்பாக எழுதியிருந்தேன் அல்லவா? 'எல்லாம் சிப்புகளின் முரட்டு வேகம்... வேறொன்றுமில்லை' என்று. சேலத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாத்தியார் கடிதத்தில் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"முதல் சில நகர்த்தல்களைப் பார்ப்பது சாஃப்ட்வேர். எந்த வழியை இன்னும் ஆழமாகத் தோண்டுவது என்று முடிவு செய்து, பல கம்ப்யூட்டர்களுக்கு வேலையைப் பங்கு பிரிப்பதும் அதுதான். கடைசி நாலைந்து நகர்த்தல்களை மட்டும் சிப்புகள் மின்னல் வேகத்தில் அலசிச் சொல்லும். தெரியாமல் எழுதாதீர்கள்!"

கொல்லிமலை மேலுள்ள செம்மேட்டுக்கு ஏறும் பஸ்ஸில், கடைசி சீட்டில், அதைத்தான் கடுப்போடு மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாவது வளைவைத் தாண்டியதும் எதிரே மரவள்ளிக்கிழங்கு லாரி. இரண்டும் ஒதுங்க இடமில்லை. லோடு லாரியால் பின்னால் ஏறவும் முடியாது. டிரைவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கீழ் வளைவு வரை ரிவர்ஸ் என்று முடிவு செய்தார். கண்டக்டர் குதித்துப் பின்பக்கம் ஓடினார்.

பஸ்ஸில் பேச்சு சட்டென்று நின்றது. அழுத குழந்தையின் வாயில் முறுக்கு.

ரெண்டு விசில்... ரெண்டு விசில்... பஸ் பின்னால் நகர்ந்தது. வளைவுக்கு வந்ததும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கீழே ரோடே இல்லை!

"ஐயோ, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அதே நொடியில் கண்டக்டர் ஊதிய ஒற்றை விசில் - 'நில்' என்று அர்த்தம் - என் கத்தலில் மூழ்கிவிட்டது. டிரைவர் விசிலை நம்புகிறவர், பயணிகளின் கூச்சலை அல்ல. பஸ் இன்னும் ஓரடி போய், ஓரச்சுவரில் 'டொக்'கென்று இடித்து நின்றது.



பக்கத்து சீட்டில், மலை மேலுள்ள திருப்புலி நாட்டு அம்மா ஒருவர். "ரிவர்ஸ் எடுக்கறப்ப நாங்க ஆரும் மூச்சு விடமாட்டோமுங்க சாமி. விசில் அவரு காதுல உழோணுமில்லீங்க?"

கண்டக்டர் வந்தார். முகத்தில் வியர்வை. "ஏனுங்க, எந்த வளைவுல ஒதுங்கறதுன்னு அவரு பாத்துக்குவாருங்க. கடைசி நாலு அடி நான் பாத்துக்குவனுங்க. நடுவுல நீங்க எதுக்குங்க?"

வெட்கமாக இருந்தது. அந்த நாலு அடியை டிரைவர் பார்க்கவே இல்லை. ஏன் இந்த வளைவு என்று கண்டக்டரும் கேட்கவில்லை. தூரத்தை ஒருவர், கிட்டத்தை ஒருவர்... இடையில் இருப்பது நம்பிக்கை மட்டுமே. வீட்டிலும் ஆபீஸிலும் எத்தனை முறை அதற்குள் புகுந்து கத்தியிருக்கிறேன்!

வாத்தியாரே, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் ஜெயித்ததில் ஆச்சரியமே இல்லை. அதன் கடைசி சீட்டில் நான் இல்லையே!