கங்காணியின் கை ஊறிய நாள்

நான் ஐயாவு. படித்தது இரண்டாம் வகுப்பு. ஈப்போப் பக்கம் குனோங் ராபாட்டில் இன்று எனக்குச் சொந்தமாக இரண்டு கல்வீடு இருக்கிறது; எவன் தயவும் இல்லாமல் கட்டினேன். ஆனாலும் நான் செய்ததில் பெரிய காரியம் அதுவல்ல.

1926. மலாயாவில், சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு நாற்றுமேடை வேலை. பங்களாப் பாதையோரம் நடுவதற்கு வெள்ளைக்காரத் துரை அழகுப் பனை வரவழைத்தார். ஒரே சட்டியில் இருபது கன்று, வேரோடு வேர் பின்னிக் கிடந்தது. எங்களை மேய்த்த உடையப்பன் கங்காணிக்கு ரப்பர்தான் தெரியும். ரப்பர் கன்றை வேரை நறுக்கித்தானே நடுவோம்? அதே மாதிரி கத்தியை வைத்தார். "வேண்டாங்க" என்றேன். கேட்கவில்லை. பத்தே நாளில் நட்டது அத்தனையும் செத்தது.

"இந்தப் பய தண்ணிய ஊத்தி ஊத்தி சாகடிச்சிட்டான் தொர!" என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் சொல்லி, என் கன்னத்தில் அறைந்தார். அன்று முதல் எனக்குக் கக்கூஸ் வாளி தூக்கும் வேலை.

கத்தி வைக்காமலே சோனி என்று கங்காணி எறிந்திருந்த நாலு கன்றுக் கொத்தை, வாளி கழுவும் ஓடையில் போட்டு வைத்தேன். மண் கரைந்து, வேர் தலைமுடி மாதிரி தானாகப் பிரிந்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நட்டேன். நாலும் பிழைத்தது. காத்திருந்தேன்.

நாலு மாதம் கழித்து, அதே மாதிரி இருபது கன்றோடு இரண்டாவது சட்டி வந்தது.

"இதுவும் செத்தா நீ வெளிய போ, கங்காணி," என்றார் துரை.

நான் முன்னால் போய் நின்றேன். "நான் பிரிக்கிறேன் தொர. என் கன்னு நாலு நிக்குது, வந்து பாருங்க. ஆனா, வேரு பிரியுற வரைக்கும் ஒருத்தர் தண்ணிக்குள்ள கொத்த அசையாம புடிக்கணும். கங்காணியே புடிக்கட்டும்."

துரை வந்து பார்த்தார். தலையசைத்துவிட்டு ஈப்போவுக்குக் காரேறினார்.

பெரட்டுக் களத்தின் நடுவில் தொட்டி. என் வாளியாலேயே தண்ணீர் நிரப்பினேன். "கழுவின வாளிதாங்க," என்றேன். காலையிலேயே முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு கங்காணி குந்தினார்.

மதியம் ரப்பர் பால் வாளியோடு பெண்கள் திரும்பினார்கள். பால் வெட்டும் வீரம்மா நின்று பார்த்தாள். "என்ன கங்காணி, புள்ளைய குளிப்பாட்டுறீங்களா? சோப்பு வேணுமா லா?"

களமே சிரித்தது.

"பிரிஞ்சிருச்சாடா?" என்றார் கங்காணி.

"இன்னும் இல்லீங்க."

"கை மரத்துப் போச்சுடா ஐயாவு."

"அசைக்காதீங்க. அறுந்தா தொர கேப்பாரு."

இருபதும் பிழைத்தது. நாற்றுமேடை மறுபடி என் கைக்கு வந்தது.

வேர் ஒரு மணி நேரத்திலேயே பிரிந்திருந்தது. அவரை நான் எழுப்பியது சாயங்காலம் ஐந்து மணிக்கு. கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. அன்று என் கன்னம் சிவந்த மாதிரி அது சிவக்கவில்லை. அந்த ஒரு குறைதான் எனக்கு.