உப்புப் பார்க்காத மாரியம்மா

முன்சீட்டில் இன்றைக்கு யார் என்பதைக் காலண்டரைப் பார்த்துத்தான் மாரியம்மா சொல்வாள். பள்ளி வேனின் முகப்பில், சின்னப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அந்தக் காலண்டர் செருகியிருக்கும். ஒவ்வொரு தேதிக்குக் கீழும் ஒரு பிள்ளையின் பெயர். நிஜமாகவே காய்ச்சல் வந்து விட்டுப்போன நாள் திரும்பக் கிடைக்கும். பொய்க் காய்ச்சலுக்குக் கிடைக்காது. “அழுதாலும் கெடைக்காது, சிரிச்சாலும் கெடைக்காது. மொறன்னா மொறதான் லா,” என்று கதவை இழுத்துச் சாத்துவாள்.

மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் இருபது வருடமாக வேன் ஓட்டுகிறாள். வயது அறுபத்தைந்து. பதினான்கு பிள்ளைகள், இரண்டு பள்ளிக்கூடம். வீட்டிலும் இதே கறார்தான். பேரப்பிள்ளைகளுக்குக் கேக் வெட்டும் நாளில் மருமகள் சாந்தினி கத்தியோடு அடிக்கோலையும் கழுவி வைத்துவிடுவாள். ஒரு துண்டு அரை அங்குலம் கூடிவிட்டால் மாரியம்மாவுக்குத் தூக்கம் வராது.

இந்த நியாயமெல்லாம் ஊராருக்குத்தான். அவளுடைய அப்பா ஐயாவு விஷயத்தில் பங்கு என்ற பேச்சே கிடையாது. அப்பா அவளுக்கு மட்டும் சொந்தம். கூடப்பிறந்த தங்கை பிரமிளா ஒருத்தி இருக்கிறாளே என்றால், மாரியம்மாவின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

“பேருலயே ஆரம்பிச்சிட்டாங்க லா. எனக்குக் கோயில் பேரு. எட்டு வருசம் கழிச்சிப் பொறந்தவளுக்கு பிரமிளா.”

பெயரோடு போகவில்லை. மாரியம்மாவுக்குப் பதின்மூன்று வயதில் அம்மா இறந்தாள். புத்தகப் பையைக் கழற்றிவிட்டு, சித்தியவான் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் அப்பாவுக்கு அடுத்த நிரையில் பால் வெட்டப் போனாள். தங்கை படித்தாள். ஐந்தாம் பாரம்வரை பள்ளியை முழுதாக முடித்து, லூமுட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றாள். ஐம்பத்தேழு வயதிலும் அவள் கைகள் வெயில் படாமல் வழவழவென்று இருக்கும். ஒவ்வொரு முறையும் மாரியம்மா அந்தக் கைகளைத்தான் முதலில் பார்ப்பாள்.

ஆனாலும் தங்கைக்குக் கிடைக்காத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஐயாவு பேசாத மனிதர். மரத்துக்கு மரம் போகையில் நாளுக்கு மூன்று வார்த்தை வந்தால் அதிகம்: வா, மழை, போதும். அந்த மூன்றையும் வைத்து அவர் பசியை, கோபத்தை, முதுகுவலியை எல்லாம் படித்துவிடுவாள். “அவருக்குப் பேச வராது. ஆனா எனக்குப் புரியும்,” என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு.

பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், வீடுகளை இடித்தார்கள். கடைசிப் பதினோரு வருடம் ஐயாவு இவள் வீட்டில்தான் இருந்தார். காலையில் கைலி, பனியனோடு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். அப்போது காலண்டரும் இல்லை, முறையும் இல்லை. அவர் போன பிறகுதான் அந்தச் சீட்டு பிள்ளைகளுக்கு முறைக்கு வந்தது.

வேன் தினமும் கச்சாங் பூத்தே வறுக்கும் தெருவைத் தாண்டிப் போகும். கடலை, பட்டாணி, ஓமப்பொடி எல்லாம் எண்ணெயில் பொரிகிற வாசனை வேனுக்குள் வரும். அந்த இடத்தில் மட்டும் ஐயாவு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புவார். காற்றுக்குத்தான் திரும்புகிறார் என்று மாரியம்மா கண்ணாடியை இறக்கிவிடுவாள். வண்டியை நிறுத்தியதில்லை. ஒரு பிள்ளைக்கு வாங்கினால் பதினான்குக்கும் வாங்க வேண்டும்.

வருடா வருடம் அப்பாவின் திதிக்குப் படையல் போடுகிறாள். ஆட்டுக்கறிப் பிரட்டல், கருவாட்டுக் குழம்பு, நெத்திலிச் சம்பால், முருங்கைக்கீரை, பால் சேர்க்காத கோப்பி, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். எதிலும் உப்புப் பார்க்கமாட்டாள். செத்தவர் வாய் வைப்பதற்கு முன் இருப்பவர் நாக்கில் படக்கூடாது என்பது அவள் சட்டம். சாந்தினி கரண்டியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாலே அதட்டு விழும். “அப்பா நாக்கு எனக்குத் தெரியும். கையே உப்புச் சொல்லும்.” ஏழு வருடமாக உப்பு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இதைத் தெருவில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

இந்த வருடம் திதி சனிக்கிழமை வந்தது. பதினோரு மணிக்குப் பிரமிளா லூமுட்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். கையில் மாலை, இன்னொரு கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

“அக்கா, இதையும் எலையில வைங்க. பின்தெருவுலதான் வாங்கினேன்.”

“என்ன இது?”

“கச்சாங் பூத்தே. அப்பாவுக்கு உசுரு லா.”

மாரியம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. “யாரு சொன்னா ஒனக்கு? பதினோரு வருசம் என்கிட்ட இருந்தாரு. ஒரு கடலையத் தொட்டதில்ல.”

“சம்பள நாளு சாயங்காலம் என்னைய டவுனுக்குக் கூட்டிட்டுப் போவாருல்ல, படக்கொட்டாய் வாசல்ல வாங்குவாரு.”

“ஒனக்கு இழுப்பு. மருந்து வாங்கல்ல போனீங்க?”

“மருந்தும் வாங்குவாரு. சைக்கிள் முன்கம்பியில துண்டச் சுத்தி என்னைய ஒக்கார வைப்பாரு. எனக்கொரு வாயி, அவருக்கொரு வாயி. வழியெல்லாம் கத சொல்லிக்கிட்டே மிதிப்பாரு.”

“யாரு?”

“அப்பாதான்.”

“கதையா?”

“நரி கத, அவரு சின்ன வயசுல யானையப் பாத்த கத. பாட்டுகூடப் பாடுவாரு. எஸ்டேட் வாசல் வர்றதுக்கு முன்னால எறக்கி விட்டு, துண்டால என் வாயத் தொடைப்பாரு. ரெண்டு பக்கமும். அக்காகிட்ட சொல்லாதம்பாரு.” பிரமிளா மாலையைப் பிரித்தபடியே சிரித்தாள். “அம்பது வருசம் சொல்லாம இருந்துட்டேன் பாருங்க.”

மாரியம்மா சம்பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அடி பிடித்தது தெரியவில்லை. அந்தச் சாயங்காலங்களில் தான் எங்கே இருந்தோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குழாயடியில் குந்தி, பால் நாறும் அப்பாவின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு மருந்து கிடைத்திருக்குமா என்று கவலை வேறு பட்டிருக்கிறாள். எனக்கு மூன்று வார்த்தை, அவளுக்கு யானைக் கதையா? பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? கடலையாவது போகட்டும், ஒரு நரிக் கதையாவது சொல்லியிருக்கலாம். பேச வராத மனிதர் என்றுதானே இத்தனை வருடம் அவரைப் புரிந்துவைத்திருந்தாள். பேச வந்திருக்கிறது. இவளிடம்தான் வரவில்லை.

வேன் ஜன்னல் பக்கம் திரும்பும் அப்பாவின் முகமும் நினைவுக்கு வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டது போதும் என்று இருந்துவிட்டாளே.

“அதெல்லாம் வைக்க வேணாம்,” என்றாள். “அப்பாவுக்குக் கடிக்கப் பல்லு ஏது? கஞ்சியக் கரைச்சி ஊத்துனவ நானு.”

பிரமிளா நிமிர்ந்து அக்காளைப் பார்த்தாள். “போன எடத்துல மொளச்சிருக்கும் லா அக்கா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, படத்துக்கு மாலை போட முன்னறைக்குப் போனாள்.

மாரியம்மா பொட்டலத்தை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளினாள். இலையைத் துடைத்தாள். கறியையும் குழம்பையும் கிண்ணங்களில் ஊற்றிச் சாந்தினியிடம் கொடுத்தனுப்பினாள். ஸ்டவுட்டையும் கோப்பியையும் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். எல்லாம் முடிந்தும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

“அக்கா, பொட்டலத்த எங்க வச்சீங்க?” முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“வருது லா.”

டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்து, ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டாள். நொறுநொறுவென்று மென்றாள். இன்னொரு கையும் அள்ளினாள்.

தீப்பெட்டிக்கு வந்த சாந்தினி வாசலிலேயே நின்றுவிட்டாள். “அத்தே, இன்னும் சூடம் காட்டலையே.”

மாரியம்மா அவசரப்படவில்லை. முழுவதும் மென்று விழுங்கினாள். பொட்டலத்தை முன்போலவே மடித்து மருமகள் கையில் கொடுத்தாள். முந்தானை நுனியை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள், முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.

“பிரமிளாகிட்ட சொல்லாத,” என்றாள்.