அரசி நிற்கும் பக்கம்

என் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்னால் எல்லோரும் நர்ஸா என்றுதான் கேட்பார்கள். சலவைப் பிரிவு என்றதும் "அப்படியா" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அண்ணி அவ்வளவு சுலபமாக விட மாட்டார். "டாக்டர் இல்லாமக்கூட ஒரு நாளை ஓட்டிடுவாங்க. பெட்ஷீட் இல்லாம ஓட்டிக் காட்டச் சொல்லுங்க பாப்போம்" என்பார்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது அந்தப் பிரிவு. வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய சலவை இயந்திரங்கள் ஒரு சுவரோரம்; டிரையர்கள் எதிர்ச்சுவரோரம்; நடுவில் நீண்ட இரும்பு மேசை. டாக்டர் கோட்டு, நர்ஸ் உடுப்பு, நோயாளி அங்கி என்று தனித்தனிப் பையில் வந்தாலும், உள்ளே வந்தபின் எல்லாமே அழுக்குத் துணிதான். மூலையில் கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறை. அதற்குள் சாம்பல் நிறக் கோட்டு மாட்டிய சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார்.

அந்த வருடக் கடைசியில் அவர் ஓய்வு பெற இருந்தார். அந்த நாற்காலிக்கு அண்ணியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று அவரே மேலே எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அந்தப் பதவிக்குப் பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ் வேண்டும். கல்யாணத்தோடு படிப்பை நிறுத்திய அண்ணி, தனித்தேர்வராக ஒவ்வொரு பாடமாக எழுதிக் கரையேறிக்கொண்டிருந்தார். இலக்கியப் பாடம் மட்டும் காலை வாரிவிட்டது. இந்த முறையும் போனால் வெளியிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அப்புறம் அந்த ஆள் ஓய்வு பெறும் வரை அண்ணி மேசைக்கு இந்தப் பக்கம்தான்.

காலை வாரிய பகுதியின் பெயர் 'அதிகாரமும் அடையாளமும்'. அந்தத் தலைப்பில் சில கவிதைகள். வினாத்தாளில் கவிதை இருக்காது. வரிகளை நினைவிலிருந்து மேற்கோள் காட்டி, யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று விளக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. கிராமத்திலிருந்து வந்து அண்ணன் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் அந்தப் பொறுப்பு தானாகவே என் தலையில் விழுந்தது. விழாவிட்டாலும் நானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருப்பேன்.

"வீட்டுல ஒரு பட்டதாரி சும்மாதானே உக்காந்து சாப்பிடுது. கொஞ்சம் வேலை குடுப்போம்" என்றார் அண்ணி.

நான் வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அண்ணி அந்தத் தாளைத் துணி தள்ளுவண்டியின் கைப்பிடியில் கிளிப்பால் மாட்டிவிட்டார். பெட்ஷீட் மடிப்பது ஒருவரால் ஆகிற காரியமில்லை. டிரையர் பக்கம் நிற்கும் அண்ணி துணியை உதறி இரண்டு முனைகளை மேசைப் பக்கம் வீசுவார். அங்கே நிற்கும் அக்கா அவற்றைப் பிடித்து, முனையோடு முனை சேர்த்து நடந்து வந்து அண்ணியின் கையில் கொடுப்பார். அந்த அக்காவுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்துவதற்கு ஒரு குமிழ் வைக்காமல் ஆண்டவன் அனுப்பிவிட்டான் என்பது அண்ணியின் கணிப்பு. உதறும்போது ஒரு வரி, மடிக்கும்போது ஒரு வரி என்று பாடம் ஓடியது. "தம்பி, அத்தனையும் தண்ணி பட்ட பாடு" என்று அண்ணி தினமும் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு காலையில் சமையலறை மேசையில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். கேள்வி, ஓர் அரசிக்கும் அவளுக்குக் கண்ணாடி ஏந்தி நிற்கும் பெண்ணுக்கும் நடக்கும் உரையாடலாக அமைந்த கவிதையைப் பற்றியது. அண்ணி குனிந்த தலை நிமிராமல் எழுதினார். தாளை வாங்கிப் பார்த்தால், மேற்கோள்கள் எல்லாம் பாதியில் நின்றிருந்தன. பாதிக்குப் பிறகு வரிசையாகப் புள்ளிகள்.

"அண்ணி, மீதி எங்க?"

"என்ன மீதி?"

"'நிமிர்த்திப் பிடி, என் முகம் சாய்கிறது.' இது அரசி. அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்றா?"

அண்ணி வாயைத் திறந்தார். கைகள் இரண்டும் தாமாக மேலெழுந்து, இல்லாத பெட்ஷீட்டின் முனைகளைப் பிடித்தன. கண் எதிர்ப்பக்கம் போனது. எதிரில் அடுப்புதான் இருந்தது.

"அது அக்கா சொல்வாங்களே" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆரம்பத்தில் அண்ணி முழு வரியையும் சொல்லியிருக்கிறார். கேட்டுக் கேட்டு ரேடியோவுக்கும் பாடமாகிவிட, பேசாமல் இருக்க முடியாத அந்த வாய் பின்பாதியை எடுத்துக்கொண்டுவிட்டது. உதறுகிற பாதி அண்ணிக்கு, மடித்து வருகிற பாதி ரேடியோவுக்கு. இரண்டு பேரும் சேர்ந்தால் முழுப் பாடப்பகுதியும் இருந்தது. தேர்வு மட்டும் ஒருவருக்கு.

வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து எழுதுங்க. ஆளுக்குப் பாதி சர்டிஃபிகேட் குடுத்துருவாங்க."

"ஷூவைப் பாருங்க. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பழுப்பு. உங்களுக்கே பாதிப் பாதிதான் தெரியுது" என்றார் அண்ணி. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. விடுபட்ட வரிகளைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். பார்க்கும்போது வந்தது, பார்க்காமல் சொன்னால் சரியாக நடுவில் வாய் நின்றது. பழகின வாய் யாருக்காகவோ காத்திருந்தது.

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் பக்கம் மாறி நின்னுக்கோங்க" என்றேன். இந்த யோசனை என்னுடையது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். பட்டம் வாங்கியவனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை?

திங்களன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கே போனேன். ரேடியோ ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் ஏன் மாறணும்? அரசி என்னத்தப் பேசுறா? நிமிர்த்திப் பிடி, தள்ளிப் பிடின்னு கத்திட்டே கெடக்கா. சுருக்குன்னு பேசுறதெல்லாம் என் ஆளுதான். நல்ல வசனத்தையெல்லாம் உன்கிட்டத் தூக்கிக் குடுத்துட்டு நான் கத்திட்டு நிக்கணுமா?"

நான் சட்டென்று, "அக்கா, இப்ப சொன்னீங்களே, அதுக்கு மட்டும் அஞ்சு மார்க்கு" என்றேன்.

"பாத்தியாடி? படிச்ச புள்ள சொல்லுது."

"அக்கா, பரீட்சை எனக்குக்கா" என்றார் அண்ணி.

"பரீட்சை உனக்கு. டிரையர்லேருந்து இழுக்குற தோள்வலி எனக்கா?"

"இத்தனை வருஷமா அந்த வலி என் வலது தோள்ல இருக்கு. உங்களுக்கு இடது தோள். ஒரு வாரம் மாத்திக்கிட்டா ரெண்டுமே கொஞ்சம் தூங்கும்."

ரேடியோ யோசித்தார். தோளைத் தடவிப் பார்த்தார். "சரி. ஆனா அரசியை என் இஷ்டத்துக்குத்தான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு டிரையர் பக்கம் போனார். இல்லாத மூக்குக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, வயிற்றைக் கொஞ்சம் முன்னே தள்ளி, அச்சு அசல் சூப்பர்வைசரின் குரலில், "நிமிர்த்திப் பிடி, என் முகம் சாய்கிறது" என்றார். மொத்தப் பிரிவும் சிரித்தது. கண்ணாடித் தடுப்புக்குள் நிஜ சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொதுவாக ஒருமுறை தலையசைத்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அண்ணி முனைகளைப் பிடித்தார். கொஞ்சம் தடுமாறினார். பிறகு, "என் கை நடுங்கினால் உன் முடி சரிகிறது, அரசி" என்று சொல்லிக்கொண்டே நடந்து வந்து கொடுத்தார்.

"உன் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை" என்று அடுத்த துணியை உதறினார் ரேடியோ.

"என் பெயரால் உன்னை அழைத்துப் பார்த்ததுண்டு."

சொன்ன அண்ணி பாதி வழியில் நின்றுவிட்டார். பெட்ஷீட் இருவருக்கும் நடுவில் தொய்ந்து தொங்கியது.

"என்னடி, மறந்துட்டியா?"

"இல்லக்கா. தம்பி, இந்த வரிக்கு நீங்க என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"பணிப்பெண்ணின் ஏக்கம்னு எழுதினேன்."

"ஏக்கம் இல்லைன்னு தோணுது. ஒரு நாள் அவரோட கோட்டு" என்று கண்ணாடித் தடுப்பைக் கண்ணால் காட்டினார், "துவைச்சு வந்துச்சு. டிரையர் கதவு முன்னாடி நின்னு போட்டுப் பாத்தேன். தோள்ல சரியா உக்காந்துச்சு. உடனே கழட்டி மடிச்சு வெச்சுட்டேன். எடுத்துக்கணும்னு இல்ல. பொருந்துதான்னு ஒரு பார்வை, அவ்வளவுதான். இவளும் அதைத்தான் செய்றா."

ரேடியோ கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பிரிவில் அது ஒரு நிகழ்ச்சி. "எனக்குத் தெரியாம எப்படிப் போட்டுப் பாத்தே?" என்றுதான் கடைசியில் கேட்டார்.

"ரெண்டையும் எழுதுங்க அண்ணி" என்றேன். "ஏக்கம்னு சொல்லலாம், ஆனா இப்படியும் பாக்கலாம்னு. ஆனா சும்மா சொல்லக்கூடாது. 'அழைத்தேன்'னு சொல்லாம 'அழைத்துப் பார்த்ததுண்டு'ன்னு சொல்றா, அந்தச் சொல்லைத் தூக்கிக் காட்டணும். மார்க்கு அங்கதான் ஒளிஞ்சிருக்கு."

அந்த வாரம் முழுக்க அவர்கள் அப்படியே மடித்தார்கள். அண்ணி பேருந்தில் இரண்டு பாதிகளையும் தானே சொல்லிக்கொண்டு வர ஆரம்பித்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனாராம்.

தேர்வு மையத்துக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வெளியே வரும்போது அண்ணியின் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கண்காணிப்பாளர் வந்து மேசைக்கு அடியில என்ன பண்றீங்கன்னு கேட்டாரு. கையை விரிச்சுக் காட்டினேன். ஒண்ணும் இல்ல சார், மடிச்சிட்டிருந்தேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சத்தம் வராம மடிங்கன்னாரு."

"வரி முழுசா வந்துச்சா?"

"எதிர்ல யாருமே இல்ல தம்பி. ஆனா வந்துச்சு."

மதிப்பெண் ஊரைக் கூட்டிச் சொல்லும்படி இல்லை. ஆனால் பாஸ் என்றால் பாஸ்தான். முடிவைக் கைபேசியில் பார்த்துச் சொன்னதும், அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ஃபோனை ரேடியோவுக்குப் போட்டார். "நாம பாஸ்க்கா" என்றார். சான்றிதழ் வந்த அன்று, கூடத்துச் சுவரின் நடுவில் மாட்டியிருந்த என் பட்டச் சான்றிதழை நானே கழற்றி ஒரு முழம் தள்ளி மாட்டினேன். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வருகிறவர்களிடம் அண்ணன் முதலில் காட்டுவது என்னுடையதை அல்ல. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அண்ணியின் சான்றிதழிலும் என் கைவேலை கொஞ்சம் இருக்கிறதே.

பதவியும் வந்தது. சாம்பல் கோட்டு புதிதாகத் தைத்துக் கொடுத்தார்கள். அண்ணியின் முதல் உத்தரவு மடிப்பு மேசைக்கு மேலே ஒட்டப்பட்டது: மடிக்கிறவர்கள் திங்கள்தோறும் பக்கம் மாறி நிற்க வேண்டும். தோள்வலி குறையும் என்று காரணம் எழுதி மேலே அனுப்பியிருந்தார். அது பொய்யில்லை. ரேடியோவே இப்போது இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார்.

உத்தரவு ஒட்டிய அன்று ரேடியோ அதன் முன்னால் நின்று உரக்கப் படித்தாராம். படித்து முடித்ததும் இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாராம்.

"அரசி ஆணை போட்டுட்டா. எல்லாரும் நிமிர்த்திப் பிடிங்கடி."

கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து அண்ணி தலையை நீட்டி, "பாத்துப் பிடிங்கக்கா. உங்க கை நடுங்கினா என் முடி சரிஞ்சிடும்" என்றாராம்.