மூடிய சட்டியில் நெருப்பு

1. பம்புக் கொட்டகை

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் வந்த இரண்டாவது மாசி மாதம். கடைகளில் தீப்பெட்டி கிடைப்பது அரிதாகிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூர்ப் பக்கத்தில், கொம்யூன் எனப்படும் ஊராட்சி அலுவலகம் ஒன்றில் நான் அப்போது இளநிலை எழுத்தர். ஊரின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். அந்தக் குடும்பத்தார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த மாதம் கூரை வீடுகள் அடுத்தடுத்து எரிந்தன. செக்ரெத்தேர் என்று நாங்கள் அழைத்த எங்கள் செயலாளர், என்னையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரியில் தீயணைப்புப் பம்பு நிற்கும் கொட்டகைக்குப் போனார். தீயணைப்புக்காரர்களை நகரத்தில் பொம்பியே என்பார்கள். கையால் அடிக்கும் பம்பு, தோல் குழாய், கூரையை இழுத்துத் தள்ளும் கொக்கிக் கழி எல்லாவற்றையும் காட்டிவிட்டு, அங்கிருந்த தலைமை பொம்பியே சிரித்தார். தமிழர்தான்.

"இதெல்லாம் உங்களுக்கு ஒதவாது. வண்டி தவளக்குப்பம் தாண்றதுக்குள்ள உங்க வூடு சாம்பலாப் பூடும். நெருப்பு வூட்டுக்குள்ள எப்படி வருது, அத்தச் சொல்லுங்க."

சொன்னேன். தீக்குச்சி இல்லாததால் ஒரு வீட்டு அடுப்பிலிருந்துதான் தெரு முழுவதும் அடுப்பு மூட்டும். பெண்கள் வரட்டியின் மேல் கங்கு வைத்துக் கையில் ஏந்தி நடப்பார்கள். அவர் ஒரு வரட்டியில் கங்கு வைத்து என்னிடம் கொடுத்து, முற்றத்தில் பரப்பியிருந்த வைக்கோல் ஓரமாக நடக்கச் சொன்னார். திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பின்னால் வைக்கோல் புகைந்துகொண்டிருந்தது. பிறகு அடுக்களையிலிருந்து ஒரு மண்சட்டியை எடுத்துவந்து, அதில் கங்கைப் போட்டு மூடித் தந்தார். மறுபடி நடந்தேன். ஒரு பொறிகூட விழவில்லை.

திரும்பும் வழியில் செக்ரெத்தேர் மனத்துக்குள்ளேயே உத்தரவை எழுதி முடித்துவிட்டார்.

2. தண்டோரா

இனி நெருப்பு எடுத்துப் போகிறவர்கள் மூடிய மண்சட்டியில் மட்டுமே எடுத்துப் போக வேண்டும் என்பது உத்தரவு. எழுதச் சொன்னபோதே நான் தயங்கினேன். எங்கள் பக்கத்தில் மண்சட்டியில் நெருப்பு தெருவில் போவது ஒரே ஒரு சமயத்தில்தான்: பாடைக்கு முன்னால், கொள்ளி வைக்கப் போகிறவர் கையில். செக்ரெத்தேர் நகரத்தில் வளர்ந்தவராயினும் இது தெரியாதவர் அல்லர்.

"முசியே, ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"நாலு நாள் மொணமொணப்பாங்க. அப்புறம் பழகிக்குவாங்க. நீ எழுதுய்யா."

தண்டோரா போட்டவன் முதல் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே கேலி தொடங்கிவிட்டது. சங்கு ஊதுகிறவனும் கூட வருவானா என்று கேட்டார்கள். வீடுவீடாகப் போய் விளக்கும் வேலை எனக்கு வந்தது.

கடைசித் தெருவில் அஞ்சலை என்ற பெண் இருந்தாள். கணவன் கோவிந்தன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, தைப் பொங்கலுக்கு முன்பிருந்தே படுக்கையில் கிடந்தான். பனையோலைக் கூரை, மண் சுவர், ஒரே வாசல். தினமும் எதிர்வீட்டிலிருந்து அவள்தான் கங்கு வாங்கி வருவாள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள், உள்ளே கிடப்பவனுக்குக் கேட்கக் கூடாதென்று.

"எம் புருசன் மூச்சு வுட்டுகினு கெடக்குது. நான் சட்டியில நெருப்பத் தூக்கிகினு அதும் வாசல்ல வந்து நிக்கணுமா? இன்னா பேச்சு பேசுற நீ?"

உள்ளேயிருந்து கோவிந்தன், "யார்டி அது?" என்றான். "கொம்யூன் ஐயா, சும்மா வந்துக்கீறாரு" என்றாள். நான் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

3. பங்குனி

பங்குனி இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை. பிற்பகலில் கடற்காற்று எழுந்த நேரம். கோவிந்தனுக்குக் கஞ்சி காய்ச்ச அஞ்சலை எதிர்வீட்டில் கங்கு வாங்கி, வரட்டியில் வைத்து, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்திருக்கிறாள். வாசலில் குனிந்து நுழையும்போது கூரையின் தாழ்ந்த விளிம்பான இறவாணத்தின் ஓலையில் பொறி பட்டது. அவளுக்குத் தெரியவில்லை. அடுப்பை மூட்டிவிட்டுத் தண்ணீர் மொள்ளக் கிணற்றடிக்குப் போனாள்.

அவள் திரும்பியபோது வாசல் பக்கக் கூரை முழுதும் எரிந்துகொண்டிருந்தது. கோவிந்தன் உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். ஆண்கள் பின்பக்க மண்சுவரைக் கடப்பாரையால் இடித்தார்கள். சுவரில் ஆள் நுழையும் அளவு வழி பிறந்தபோது கூரை உள்ளே விழுந்துவிட்டது.

தகவல் கேட்டு நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது கூப்பிடும் குரல் நின்றிருந்தது. அஞ்சலையை நான்கு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்திருந்தன.

4. விசாரணை

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் செக்ரெத்தேரும் நானும் விசாரிக்கப் போனோம். அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். கைகளில் வாழையிலை சுற்றியிருந்தது. செக்ரெத்தேர் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் உத்தரவை மதித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

அஞ்சலை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சட்டி வாணாம்னுதான் சொன்னேன். மூடி வாணாம்னு நான் சொல்லலியே. வேற எதுலனா எடுத்துகினு போன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னீங்களா?"

செக்ரெத்தேர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் தகரவேலைக்காரர் ஒருவரைப் பிடித்து, பழைய மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, கைப்பிடியும் மூடியும் வைத்த சிறு டப்பாக்கள் செய்யவைத்தேன். தண்டோரா போடவில்லை. கிணற்றடியில் நான்கு பெண்களிடம் காட்டினேன், அவ்வளவுதான். சித்திரை முடிவதற்குள் அந்தத் தெருவில் எல்லார் கையிலும் அது இருந்தது. அஞ்சலைக்கும் ஒன்று கொண்டுபோனேன். இனி யாருக்கு அடுப்பு மூட்டப்போகிறேன் என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டாள்.

அலுவலகங்களில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் கொட்டகையில் நாங்கள் கற்றுக்கொண்டது நெருப்பை மூட வேண்டும் என்பதை. ஊருக்கு நாங்கள் கொண்டுபோனது மண்சட்டியை.