ரெக்கை வைத்த பொன்மான்

பொள்ளாச்சியிலிருந்து வந்த மாமியார் வீட்டாரை இன்று வைப்பின் தீவைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனேன். அவர்களுக்கு மலையாளம் தெரியாது. எனக்கோ அது தண்ணி பட்ட பாடு. எல்லை தாண்டி முதலமடையில் மாங்காய் விற்றுப் பேசிப் பேசி வந்தது. அதனால் படகில் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

சீனவலைகளைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. வரிசையாகக் கொக்குகள், இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகங்கள். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

திடீரென்று படகோட்டி கரையைக் காட்டிக் கத்தினார்: "தே நோக்கே, பொன்மான்!"

நான் எழுந்து நின்றே அறிவித்தேன்: "மானாமுங்க! தங்க நெறத்து மானு! அந்தக் கரையில பாருங்க!"

எட்டுப் பேரும் ஒரே பக்கம் பாய்ந்தோம்.

"ஐயோ சேட்டா, வஞ்சி மறியும்!"

படகு சாய்ந்த சாய்வில், அந்த மலையாளம் மட்டும் மொழிபெயர்ப்பே இல்லாமல் எல்லோருக்கும் புரிந்தது.

கரையோரக் கம்பிலிருந்து நீலமாக ஒன்று தண்ணீருக்குள் பாய்ந்து, அலகில் மீனோடு மேலே வந்தது. படகோட்டி அதைக் காட்டி மறுபடியும் "பொன்மான்" என்றார்.

"ஏனுங்க," என்றாள் என் மனைவி, "இது நம்ம கெணத்து மோட்டார் ஒயர்ல தெனமும் உக்கார்ற மீன்கொத்திதானுங்களே?"

சிரித்து முடிப்பதற்குள் கரையே வந்துவிட்டது.

இப்போது திரும்பும் வேனில், பின் சீட்டிலிருந்து மாமியார் தன் தங்கைக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "மாப்ள எங்களுக்கு மானு காட்டுனாருடி. அதுக்கு ரெக்கை இருந்துச்சு."

மலையாளம் தெரிந்த நண்பர்கள் இன்று ஒருநாள் மட்டும் கமெண்டில் அமைதி காக்கவும்.